கேம் சர்வர் விழும்போது உண்மையில் நடப்பது என்ன?

2014 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பரிசாக வந்த புதிய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருந்த நாள். பெட்டி புதிதென்றால் முதலில் அதை இணையத்தில் இணைக்க வேண்டும், கணக்கு தொடங்க வேண்டும், அப்டேட்டுகளை இறக்க வேண்டும். அன்றைக்கு அதுதான் நடக்கவில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவும் ஒரே நாளில் முடங்கின. எக்ஸ்பாக்ஸ் ஓரளவு சீக்கிரம் எழுந்துகொண்டது. பிளேஸ்டேஷன் சீராக மேலும் ஓரிரு நாள் ஆனது. 'லிசார்ட் ஸ்க்வாட்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு கும்பல் ட்விட்டரில் பொறுப்பேற்றது. மெகா என்ற கோப்புச் சேமிப்புத் தளத்தை நிறுவிய கிம் டாட்காம், நிறுத்தினால் தன் தளத்தில் 3,000 கணக்குகளை இலவசமாகத் தருகிறேன் என்று பேரம் பேசினார். அதற்காகவே நிறுத்தினோம் என்று கும்பலும் அறிவித்தது. உலகின் இரண்டு பெரிய நிறுவனங்களைப் பண்டிகை நாளில் மண்டியிட வைத்த வேலைக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட விலை அவ்வளவுதான்.

இது எப்படிச் சாத்தியம்? அவ்வளவு பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு அவ்வளவு மோசமா? கேம் ஆடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். ஏனென்றால், இப்படிப்பட்ட தாக்குதல்களில் மாட்டித் தவிப்பவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள்தான், செய்து மாட்டிக்கொள்பவர்களும் இளைஞர்கள்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையே இல்லாத ஆயிரம் பேரை யாரோ கூலிக்குக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் சன்னலுக்கு வந்து ஏதோ கேட்டுவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்கள். உள்ளே அரிசி பத்திரமாக இருக்கிறது, பூட்டு உடையவில்லை, ஊழியரும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆனால் உண்மையான அட்டைதாரர் ஒருவர்கூட சன்னலை நெருங்க முடியாது. 2014 கிறிஸ்துமஸில் நடந்தது இதுதான். இதை டிடாஸ் தாக்குதல் என்பார்கள். இரவில் பூட்டை உடைத்து உள்ளே போய் மூட்டைகளைத் தூக்குவது வேறு வகைக் குற்றம். அதுவும் கேம் உலகில் நடந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இரண்டுமே 'சர்வர் டவுன்' என்ற ஒரே செய்தியாகத்தான் திரையில் தெரியும். நாம் செய்ய வேண்டியதோ இரண்டிலும் முற்றிலும் வேறு.

கேம்கள் ஏன் இதற்கு இவ்வளவு சுலபமாக விழுகின்றன?

ஒரு செய்தித் தளம் இரண்டு வினாடி தாமதமாகத் திறந்தால் யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பக்கத்தை உலகம் முழுக்கப் பல சர்வர்களில் நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். சென்னையில் கேட்பவருக்குப் பக்கத்திலிருக்கும் நகல் போகும், லண்டனில் கேட்பவருக்கு அங்கிருக்கும் நகல் போகும். ஒன்று விழுந்தாலும் இன்னொன்று தாங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை அப்படி நகலெடுத்து வைக்க முடியாது. பத்துப் பேர் ஆடும் ஒரு மேட்ச்சில் யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார், குண்டு யார் மேல் பட்டது என்ற முழு உண்மையும் அந்த நேரத்தில் ஒரே சர்வரில்தான் இருக்கிறது. அது வினாடிக்குப் பல முறை மாறுகிறது. வாலரண்ட் ஆட்டத்தின் சர்வர்கள் வினாடிக்கு 128 முறை நிலையைப் புதுப்பிக்கின்றன. அதாவது சுமார் 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை. அந்த வேகத்தில் ஓடும் ஒன்றுக்கு, முழுதாக விழவேண்டும் என்ற அவசியமே இல்லை. பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், 40 மில்லிவினாடியிலிருந்து 400-க்கு ஏறினாலே ஆட்டம் செத்துவிடும். நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக உங்கள் திரை காட்டும், எதிராளியின் திரையில் நீங்கள் இன்னும் வெட்டவெளியில் நின்றுகொண்டிருப்பீர்கள். லேக் என்று எரிச்சலோடு சொல்கிறோமே, அதைச் செயற்கையாக உண்டாக்கினாலே தாக்குபவருக்குப் போதும்.

வேகத்துக்காகவே கேம்களின் தரவு பெரும்பாலும் யூடிபி என்ற முறையில் பயணிக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் முதலில் பேசி உறுதி செய்துகொள்ளும் சடங்கு அதில் கிடையாது. பாக்கெட் என்ற சின்னத் தரவுத் துண்டு வந்தது, எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். தாமதம் குறைகிறது, நல்லதுதான். ஆனால் வந்த பாக்கெட் உண்மையான ஆட்டக்காரரிடமிருந்து வந்ததா, போலியா என்று பிரிப்பது கடினமாகிறது.

இன்னொரு பலவீனம் லாகின். ஆட்டம் நடக்கும் சர்வர்கள் ஆயிரம் இருந்தாலும், 'இவர் யார், இந்த கேமை வாங்கியவர்தானா' என்று சரிபார்க்கும் இடத்தைத் தாண்டித்தான் எல்லோரும் போக வேண்டும். அந்த ஓர் இடத்தை அடைத்துவிட்டால் உள்ளே ஆயிரம் சர்வர்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் பயனில்லை.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது?

இதுதான் மொத்த விஷயத்திலும் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. ஒருவருடைய வீட்டு இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு சோனியை அசைக்க முடியாது. பிறருடைய கருவிகள் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

முதல் வழி, பிறர் சர்வர்களை ஏமாற்றிப் பேச வைப்பது. இணையத்தில் கணினிகளுக்குச் சரியான நேரம் சொல்லும் என்டிபி என்ற சர்வர்கள் உண்டு. அவற்றில் பழைய மென்பொருள் ஓடியவற்றிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டால், கடைசியாகத் தன்னிடம் பேசிய 600 கணினிகளின் பட்டியலைக் கொட்டும். கேள்வியைவிடப் பதில் சில நூறு மடங்கு வரை பெரிதாக இருக்கும். தாக்குபவர் அந்தக் கேள்வியை அனுப்பும்போது, அனுப்புநர் முகவரியில் தன் ஐபியை (இணையத்தில் ஒரு கருவியின் முகவரி எண்) போடாமல் கேம் சர்வரின் ஐபியைப் போட்டுவிடுகிறார். பதில்கள் எல்லாம் கேம் சர்வரின் தலையில் போய்க் கொட்டுகின்றன. 2013 இறுதியில் கேம் நிறுவனங்களைக் குறிவைத்து இந்த முறை பரவியது. அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் 'டெர்ப்ட்ரோலிங்' என்ற பெயரில் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட், இஏ, ஸ்டீம் ஆகிய கேம் சேவைகள் தாக்கப்பட்டன. அதில் சம்பந்தப்பட்ட, அமெரிக்காவின் யூட்டா மாநில இளைஞருக்கு 2019-இல் 27 மாதச் சிறையும் 95,000 டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன.

அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட முடிவதற்குக் காரணம், சில இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலையிலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளைச் சரிபார்க்காமல் விடுவது. எப்படிச் சரிபார்ப்பது என்ற பரிந்துரை 2000-ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. எல்லோரும் அதைப் பின்பற்றியிருந்தால் இந்த வகைத் தாக்குதலின் முதுகெலும்பே முறிந்திருக்கும். செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், நன்மை அடைபவர் வேறொருவர் என்பதால் அது இன்றுவரை முழுமையாக நடக்கவில்லை.

இரண்டாவது வழி பாட்நெட். நம் வீட்டு ரவுட்டர், சிசிடிவி கேமரா, கேமரா பதிவுப் பெட்டி ஆகியவற்றுக்குள் புகுந்து, கட்டளை கொடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே இலக்கை நோக்கிப் பாக்கெட் வீச வைப்பது. லிசார்ட் ஸ்க்வாட் கும்பலின் வாடகைத் தாக்குதல் சேவையே இப்படிப் பிடிக்கப்பட்ட வீட்டு ரவுட்டர்களை வைத்துத்தான் ஓடியது என்று 2015 ஜனவரியில் பாதுகாப்புப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிப்படுத்தினார்.

2016-இல் வந்த 'மிராய்' என்ற பாட்நெட் நிரல் இதைப் பல மடங்கு பெரிதாக்கியது. மிராய் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கருவிகளில் இருக்கும் பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளில் 60 சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் தட்டுப்படும் ஒவ்வொரு கருவியிலும் முயன்று பார்க்கும். அட்மின், அட்மின் என்று போட்டால் திறக்கும் கேமராக்கள் உலகத்தில் அவ்வளவு இருந்தன. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. அந்தச் செப்டம்பரில் கிரெப்ஸின் தளத்தின் மேல் விழுந்த தாக்குதல் வினாடிக்கு 620 ஜிகாபிட். உங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு 100 மெகாபிட் என்றால், அப்படி 6,200 வீடுகளின் முழு இணைப்பையும் ஒரே தளத்தின் மேல் திருப்பிவிட்டதற்குச் சமம்.

அதை எழுதியவர்கள் பராஸ் ஜா, ஜோசயா ஒயிட், டால்டன் நார்மன் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள். அவர்கள் கண் வைத்திருந்த முக்கிய இலக்குகளில் ஒன்று மைன்கிராஃப்ட். தனியார் நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வர்களில் நல்ல பணம் புழங்குகிறது. ஒரு சர்வர் அடிக்கடி விழுந்தால் ஆட்டக்காரர்கள் போட்டியாளரிடம் போய்விடுவார்கள். பராஸ் ஜா ஒரு பக்கம் டிடாஸ் தாக்குதலிலிருந்து பாதுகாப்புத் தரும் நிறுவனத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். அடிப்பதும் மருந்து விற்பதும் ஒரே கை. 2017 டிசம்பரில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியானது. புலனாய்வில் எஃப்பிஐக்கு விரிவாக உதவியதால், 2018-இல் சிறைக்குப் பதில் 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப் பணியும் கிடைத்தன.

மாட்டிக்கொள்வதற்கு முன் அவர்கள் மிராயின் மூல நிரலை இணையத்தில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. நாம் தட்டும் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது அதன் வேலை. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் என்று அமெரிக்காவில் பாதி இணையமே காணாமல் போனதுபோல் ஆனது. ஏதோ ஒரு நாட்டின் ராணுவ வேலை என்றுகூட அப்போது பேசினார்கள். 2020-இல் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தாக்குதல் நடந்தபோது பதின்ம வயதைத் தாண்டாதவர். அமெரிக்க நீதித்துறை சொன்னபடி, அவரும் கூட்டாளிகளும் முடக்க நினைத்தது பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை மட்டும். பிளேஸ்டேஷனின் பெயர்ச் சேவையும் டைனிடம் இருந்ததால், அதே கூரையின் கீழிருந்த மற்றவர்களும் சேர்ந்து விழுந்தார்கள்.

2022 ஜனவரியில் இன்னும் விநோதமாக ஒன்று நடந்தது. தங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்பானிஷ் மொழி ஸ்ட்ரீமர்கள் சேர்ந்து பெரிய மைன்கிராஃப்ட் போட்டி ஒன்றை நடத்தினார்கள். போட்டியாளர்கள் சிலர் வசித்த அண்டோரா என்ற குட்டி நாட்டில் இணையச் சேவை தருவது ஒரே நிறுவனம்தான். அதன் மேல் தாக்குதல் விழுந்தது. ஒரு விளையாட்டிலிருந்து சிலரை வெளியே தள்ளுவதற்காக ஒரு நாட்டின் இணையமே தடுமாறியது.

வாடகைக்குக் கிடைக்கும் தாக்குதல்

இதற்கெல்லாம் நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. பூட்டர், ஸ்ட்ரெஸ்ஸர் என்ற பெயர்களில் வாடகைத் தளங்கள் இருக்கின்றன. மாதம் சில டாலர் கட்டி, எதிராளியின் ஐபியைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும். 'உங்கள் சொந்த சர்வரின் தாங்கும் திறனைச் சோதிக்க' என்று மேலே எழுதியிருப்பார்கள். அது வெறும் முகமூடி. லிசார்ட் ஸ்க்வாட்டின் கிறிஸ்துமஸ் தாக்குதலே பெரிய அளவில் விளம்பரம்தான். சில நாட்களிலேயே 'லிசார்ட் ஸ்ட்ரெஸ்ஸர்' என்ற வாடகைத் தளத்தைத் திறந்தார்கள். அடுத்த மாதமே அந்தத் தளம் ஹேக் ஆகி, பதிவு செய்திருந்த 14,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் கடவுச்சொல்லோடு வெளியே வந்தது. 2015 ஆகஸ்டில் அதைப் பயன்படுத்திய குற்றத்துக்காகப் பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை ஆறு பேரைக் கைது செய்தது. ஆறு பேரும் பதின்ம வயதினர்.

பிரிட்டனிலேயே இன்னொருவர், 16 வயதில் வீட்டு அறையிலிருந்து 'டைட்டானியம் ஸ்ட்ரெஸ்ஸர்' என்ற வாடகைத் தளத்தை எழுதினார். அதன் வழியாக நடந்த தாக்குதல்கள் 17 லட்சம். ரூன்ஸ்கேப் என்ற ஒரே கேமின் மேல் மட்டும் 25,000 தாக்குதல்கள். தற்காத்துக்கொள்ள அந்த கேமை நடத்தும் நிறுவனம் 60 லட்சம் பவுண்டு செலவழித்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2017-இல் அவருக்கு 2 ஆண்டு சிறை. இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆட்டத்தில் தோற்ற கோபத்திலோ, நண்பர்களிடம் கெத்து காட்டவோ தொடங்கியவர்கள்தான் இதில் பலர். 2017 இறுதியிலிருந்து பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை, இப்படிப்பட்ட தளங்களைக் கூகுளில் தேடுபவர்களுக்கு 'இது சட்டப்படி குற்றம்' என்று விளம்பரம் காட்டியது. பிற நாடுகளில் தாக்குதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது பிரிட்டனில் அது ஏறாமல் நின்றதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பலருக்கு இது குற்றம் என்பதே தெரியவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தியாவிலும் குற்றம்தான். உரிமை உள்ளவர் கணினியை அணுகவிடாமல் தடுப்பதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் நேரடியாகவே சொல்கிறது. அதை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பூட்டு உடைந்த கதை

2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் 23 நாட்கள் முடங்கியது. ஆனால் அதை மூடியது சோனியேதான். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஏப்ரல் 20 அன்று மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்தினார்கள். பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி, லாகின் விவரங்கள் என 7.7 கோடிக் கணக்குகளின் தகவல் ஆபத்துக்குள்ளாகியிருந்தது. இதை வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஏப்ரல் 26 வரை ஆனது. அந்த ஆறு நாள் மௌனம்தான், திருட்டைவிட அதிகமாக, மக்களைக் கொதிக்க வைத்தது. கோபம் நியாயமானதே. அந்த ஆறு நாளில் அதே கடவுச்சொல்லை வேறு இடங்களிலும் வைத்திருந்தவர்கள் எதுவும் தெரியாமல் இருந்தார்கள். மே 1 அன்று டோக்கியோவில் கசுவோ ஹிராய் உள்ளிட்ட சோனி நிர்வாகிகள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். 2013-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

தாக்குதலே இல்லாமலும் சர்வர்கள் விழும். 2021 அக்டோபர் இறுதியில் ரோப்லாக்ஸ் 73 மணி நேரம் நின்றுபோனது. காரணம் அவர்களுடைய உள்கட்டமைப்பு மென்பொருளில் இருந்த கோளாறு. 2012 மே மாதம் டயாப்லோ 3 வெளியான அன்று 'பிழை 37' என்ற செய்தியோடு பலர் வாசலிலேயே நின்றார்கள். அன்று திரண்ட கூட்டம் காசு கொடுத்து கேம் வாங்கிய உண்மையான ஆட்டக்காரர்கள். 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் ஏறக்குறைய ஒரு நாள் நின்றதற்கு 'செயல்பாட்டுச் சிக்கல்' என்றது சோனி. பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சேவையின் சந்தாதாரர்களுக்கு 5 நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆகவே எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் யாரோ 'நாங்கள்தான் செய்தோம்' என்று பொறுப்பேற்றால் உடனே நம்பிவிடாதீர்கள். விளம்பரம் தேடுபவர்கள் தானாக விழுந்த சர்வருக்கும் உரிமை கொண்டாடுவார்கள்.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன? வரும் போக்குவரத்தை முதலில் பெரிய வடிகட்டும் மையங்களுக்குத் திருப்பி, போலிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை சர்வருக்கு அனுப்புகின்றன. ஒரே ஐபி முகவரியைப் பல நாடுகளில் உள்ள மையங்களிலிருந்து அறிவிப்பதால் தாக்குதலும் பல துண்டுகளாகச் சிதறுகிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், ஆட்டக்காரருக்கும் சர்வருக்கும் நடுவே, தரவை வாங்கிக் கைமாற்றிவிடும் தன் ரிலே வலையை வைத்து சர்வரின் ஐபியையே வெளியே தெரியாமல் மறைக்கிறது.

நாம் செய்ய வேண்டியதில் முதலாவது, விழுந்தவுடன் அந்த கேமின் அதிகாரப்பூர்வ நிலவரப் பக்கத்தைப் பார்ப்பது. டிடாஸ் என்று உறுதியானால் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கேமை அழித்து மறுபடி நிறுவுவது வீண். அந்தக் குழப்பத்தில் 'உங்கள் கணக்கை மீட்க இங்கே அழுத்துங்கள்' என்று வரும் செய்திகளைத் தொடவே கூடாது. சர்வர் விழும் நாட்கள் அப்படிப்பட்ட மோசடிக்காரர்களுக்கு நல்ல வேட்டை. உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று நிறுவனம் சொன்னால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றி, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, கார்டு சேமித்திருந்தால் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கவனித்து வாருங்கள்.

வீட்டு ரவுட்டரையும் கேமராவையும் இன்றே பாருங்கள். மிராய் நிரல், தான் பிடித்த கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும்தான் குடியிருந்தது, அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பழைய கடவுச்சொல்லே இருந்தால் விரைவிலேயே மறுபடி புகுந்துவிடும். அதனால் முதலில் இணையத்திலிருந்து துண்டித்து, அணைத்துப் போட்டு, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்துவிட்டு இணைக்க வேண்டும். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் வசதி தேவைப்படாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

ஆட்டத்தின் நடுவே உங்களை மட்டும் யாரோ குறிவைத்து அடிக்கிறார்கள் என்று தோன்றினால், அதாவது மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் உங்கள் வீட்டு இணையம் முழுக்க நின்றுபோனால், ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்து வையுங்கள். பல இணைப்புகளில் திரும்பப் போடும்போது புதிய ஐபி கிடைத்துவிடும், பழைய முகவரிக்கு அடிப்பவர் வெறுமையில் அடித்துக்கொண்டிருப்பார். ஐபி மாறவில்லை என்றால் இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டு, டிடாஸ் தாக்குதல் நடக்கிறது, வேறு ஐபி வேண்டும் என்று நேரத்தோடு சொல்லிக் கேளுங்கள். மிரட்டல் செய்திகள் வந்திருந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ சைபர் குற்றப் பிரிவிலோ புகார் கொடுங்கள்.